மூலை பார்க்க எதை நம்புவது: ட்ரை ஸ்கொயரா, சிலிண்டரா, சி.எம்.எம்.மா?

போன ஐப்பசியில் 48 ஸ்டீல் பிளாக்குகள் கோவையிலிருந்து எங்களுக்கே திரும்பி வந்தன. வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்ற காலமாக இருந்தால், சரக்கு வந்து சேர்வதற்குள் கோபமாவது கொஞ்சம் ஆறியிருக்கும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த வரிசை போய்விட்டது. காலையில் ரிஜெக்ட் ஆன பெட்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கஞ்சிக்கோட்டில் எங்கள் பட்டறை வாசலில் இறங்கிவிட்டது.

கூட வந்த தாளில் ஒரே ஒரு குறை. பிளாக்கின் உயரம் 120 மி.மீ., அடி அகலம் 25 மி.மீ. அடிமுகத்துக்கு உயரமான முகம் 0.020 மி.மீ.க்குள் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது டிராயிங். அவர்கள் அளந்ததில் 0.038. எங்கள் பையன்கள் ஒவ்வொன்றையும், 'எல்' வடிவில் செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயர் சாத்திப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள். "முடியளவு வெளிச்சம்தாங்க தெரிஞ்சுது" என்றார்கள். அதுவும் பொய்யில்லை.

நடந்தது இதுதான். ஸ்கொயரின் தடித்த கட்டையை 120 மி.மீ. முகத்தில் சாத்தியிருக்கிறார்கள், அங்கேதான் அது வாகாக உட்காரும். அதன் மெல்லிய கையான பிளேடு 25 மி.மீ. அடிமுகத்தில் படிந்திருக்கிறது. அந்த 25 மி.மீ. தூரத்தில் விலகல் 8 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). மெல்லிய கோடாக வெளிச்சம் வரும், மனசு "சரி, போகட்டும்" என்று சொல்லும். அதே கோணத்தை 120 மி.மீ.க்கு நீட்டினால் 38 மைக்ரான். கோணம் ஒன்றுதான், எதை அடிப்படையாக வைத்து எதைப் பார்த்தோம் என்பதில் பாஸ் ஆனது ரிஜெக்ட் ஆகிவிட்டது. டிராயிங்கில் தலைகீழ் 'டி' மாதிரி இருக்கும் அந்தக் குறிக்குப் பக்கத்து எண் டிகிரி கிடையாது, மில்லிமீட்டர். அவ்வளவு இடைவெளியில் அடிமுகத்துக்குச் செங்குத்தாக இரண்டு இணைத் தளங்களை நிறுத்தினால், முகம் முழுக்க அவற்றுக்கு நடுவே அடங்க வேண்டும். சாய்ந்தாலும் குற்றம், வயிறு தள்ளினாலும் குற்றம்.

சரி, இனி எதை வாங்குவது என்ற பேச்சு வந்தது. பட்டறையில் பாதிப் பங்கு என் மச்சானுடையது. கோவையில் ஒரு பழைய சி.எம்.எம். (புள்ளி புள்ளியாகத் தொட்டு அளந்து கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் மெஷின்) விலைக்கு வருகிறது, எடுத்துவிடலாம் என்றார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் எங்கள் மூத்த ஃபிட்டர் அண்ணனோ, "நல்ல மூலைமட்டமா நாலு வாங்கிக் குடுங்க தம்பி, அது போதும்" என்றார். (மூலைமட்டம் என்றால் எங்கள் பக்கம் ட்ரை ஸ்கொயர்தான்.) எனக்கு இரண்டு பக்கமும் முழுதாக ஒப்பவில்லை. இரண்டு மூன்று மாதம் ஒவ்வொரு முறையாகச் செய்து பார்த்தோம். நான் வைத்துக்கொண்ட உரைகல் ஒன்றுதான்: இந்த முறை பொய் சொன்னால், அதை இந்த முறையை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

ட்ரை ஸ்கொயரை ஏளனமாகப் பேசுகிறவர்கள் நல்ல ஸ்கொயரைத் தொட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன். பிளேடின் விளிம்பு கத்தி மாதிரி சீவியிருந்து, பின்னால் வெள்ளை வெளிச்சம் இருந்தால், 3 மைக்ரான் சந்துகூடக் கண்ணுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், முகத்தின் வடிவத்தை ஒரே பார்வையில் காட்டிவிடும். நடுவில் தொட்டு இரண்டு முனையிலும் வெளிச்சம் வந்தால் வயிறு. முனைகளில் தொட்டு நடுவில் வந்தால் குழி. ஒரு புள்ளியில் தொட்டுப் பார்க்கும் டயல் இதைச் சொல்லாது. ஆனால் தெரிவது சந்து இருக்கிறது என்பது மட்டும். எத்தனை மைக்ரான் என்பது பார்க்கிறவன் அனுபவத்துக்கும் அன்றைய மனநிலைக்கும் விட்டது. சிகரெட் தாளைச் செருகி இழுத்துப் பார்க்கலாம், ஃபீலர் கேஜ் (தடிமன் தெரிந்த மெல்லிய தகடு) போடலாம். எங்கள் 20 மைக்ரான் கணக்குக்கு அந்தத் தாளே தடிமன்.

அடுத்தது ஸ்கொயரின் தரம். ஜெர்மானிய டின் 875 கணக்கில் 150 மி.மீ. ஸ்கொயர் என்றால் 0 கிரேடுக்கு 8 மைக்ரான், 1 கிரேடுக்கு சுமார் 18, 2 கிரேடுக்கு 35 மைக்ரான் வரை பிழை இருக்கலாம். கடையில் பளபளவென்று மரப்பெட்டியில் வருவதெல்லாம் 0 கிரேடு இல்லை. 2 கிரேடு ஸ்கொயரை வைத்துக்கொண்டு 20 மைக்ரானுக்குத் தீர்ப்புச் சொல்வது, பெருங்காயத்தைக் காய்கறித் தராசில் நிறுத்த கதை. அதுவும் புதிதாக இருக்கும்போது உள்ள கணக்கு. மெஷின் மேலிருந்து ஒருமுறை கீழே விழுந்தால் போதும், அது பார்க்க மட்டும்தான் ஸ்கொயர்.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் சண்டைக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் இணையாக உள்ள ஒரு கட்டையை, அளப்பதற்கான மட்டமான தட்டில் நிறுத்தி, ஸ்கொயரை இடப்பக்கம் சாத்திக் காட்டினார், பிறகு வலப்பக்கம். "கட்டை சாஞ்சிருந்தா ஒரு பக்கம் மேல வெளிச்சம் வரும், இன்னொரு பக்கம் கீழ வரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தா மூலைமட்டம்தான் கெட்டுப்போச்சு. எதையும் திருப்பி வெச்சுப் பாருங்க தம்பி." முப்பது வருஷமாக அவர் கையில் இருக்கும் வித்தை. நான் தேடிய உரைகல் அவர் கையிலேயே இருந்தது. குறைந்தது எண் மட்டும்தான்.

அந்த எண்ணைத் தருவது டயல் ஸ்டாண்டு. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கனமான ஓர் அடித்தளம், அதன் முன்பக்கம் தரையை ஒட்டி உருண்ட முனை ஒன்று, அதற்கு நேர் மேலே, எங்களுடையதில் 100 மி.மீ. உயரத்தில், ஒரு டயல். உருண்ட முனையை ஜாபின் (அளக்க வேண்டிய பொருளின்) அடியில் முட்டவிட்டால் டயல் மேலே தொடும். அடிக்கும் மேலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முள் சொல்லும். அடித்தளத்தை இடமும் வலமும் லேசாக ஆட்டி, முள் எங்கே திரும்புகிறதோ அந்த இடத்தைப் படிக்க வேண்டும். முட்டவிட்டதும் கிடைக்கிற எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

டயலை எதன் மேல் பூஜ்யம் வைப்பது என்பதுதான் இதில் எல்லோரும் கேட்கும் கேள்வி. மாஸ்டர் (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சரியான மாதிரி) இல்லாமலே வழி உண்டு. கட்டையின் இரு பக்கமும் இணை என்று மைக்ரோமீட்டரால் மேலும் கீழும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு பக்கத்தில் டயல் +11 காட்டுகிறது, மறுபக்கத்தில் -5 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 16, அதில் பாதி 8 மைக்ரான் கட்டையின் சாய்வு. இரண்டின் சராசரி +3. டயலின் உண்மையான பூஜ்யம் அங்கே இருக்கிறது. முள்ளை 3 மைக்ரான் திருத்தி வைத்தால் வேலை முடிந்தது. யாரிடமும் கடன் வாங்காத செங்கோணம். முதல் தடவை இதைச் செய்தபோது மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு கட்டையை எடுத்து வந்து செய்தார், மீண்டும் அதே பூஜ்யம். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் தினமும் கட்டையைத் திருப்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் மாஸ்டர் சிலிண்டர். இரண்டு கூர்முனைகளான சென்டர்களுக்கு நடுவே பிடித்து உருளையைக் கிரைண்ட் செய்து, கழற்றாமல் அதே பிடியில் அடிமுகத்தையும் கிரைண்ட் செய்தால், அச்சுக்கும் அடிக்கும் உள்ள செங்கோணம் மெஷினிலிருந்தே பிறந்துவிடுகிறது. அடியின் நடுவைக் குழித்து, ஓரத்தில் வளையமாக மட்டும் தட்டைத் தொடும்படி விட்டால் ஆடாமல் நிற்கும். நாங்கள் 80 மி.மீ. விட்டத்தில் 200 மி.மீ. உயரத்துக்கு, ஹார்டன் செய்து, கோவையில் ஒரு கிரைண்டிங் கடையில் செய்துகொண்டோம். வந்ததும் நான்கு திசையில் திருப்பிப் படித்தோம்: 0, 3, 6, 3. ஆட்டம் 6 என்றால் சாய்வு 3 மைக்ரான். டேப்பர் (மேலும் கீழும் விட்டம் மாறுவது) இல்லை என்பது உறுதியானால், நான்கின் சராசரியே உண்மையான செங்குத்து. அதாவது சிலிண்டர் கொஞ்சம் பிசகியிருந்தாலும், சுற்றினால் உண்மையைக் கக்கிவிடும். கிரானைட்டில் செய்த ஸ்கொயர்களும் கிடைக்கின்றன. நல்ல பொருள்தான், துருவும் ஏறாது. ஆனால் அதை இப்படிச் சுற்ற முடியாது. சான்றிதழை நம்ப வேண்டும். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், இங்கே எஃகு எதுவும் ஒரு ராத்திரியில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். அதனால் சிலிண்டருக்கு எண்ணெய் துடைப்பது பையன்களின் மாலை வேலை. அந்தத் தொல்லை எனக்குச் சம்மதம்.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் உயரத்தில் மட்டும் படித்தால் வயிறும் குழியும் ஒளிந்துகொள்ளும். டயலை மூன்று உயரங்களில் மாற்றி, ஒவ்வொரு முறையும் சிலிண்டரில் பூஜ்யம் பார்த்துப் படிக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அண்ணனின் கத்தி விளிம்பால் வடிவத்தைப் பார்த்துவிட்டு, பிறகு டயலுக்குப் போகலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்கிறோம்.

தட்டில் தனியாக நிற்காத ஜாப்கள் வேறு ரகம். மெல்லிய தட்டுகள், அடிப்படை முகம் பக்கவாட்டில் உள்ளவை. அவற்றை ஆங்கிள் பிளேட்டில் ('எல்' வடிவ இரும்புத் தாங்கி) கட்டி, பார்க்க வேண்டிய முகத்தை மேல்நோக்கிப் படுக்க வைத்து, ஹைட் கேஜில் லிவர் டயல் மாட்டி முகம் முழுக்க ஓட்டலாம். செங்குத்தைப் பார்க்கும் வேலை இணை பார்க்கும் வேலையாக மாறுகிறது. முகத்தின் மேடு பள்ளமும் கூடவே வந்துவிடும். ஆனால் கிளாம்பை முறுக்கினால் மெல்லிய ஜாப் வளைந்துவிடும், ஆங்கிள் பிளேட்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். ஜாபைத் திருப்பிக் கட்டி அந்தப் பிழையைப் பிரித்தெடுக்கலாம்தான். 48 பிளாக்குக்கு அப்படிச் செய்தால் பொங்கலே வந்துவிடும்.

வால்வு, பம்ப் வேலை செய்கிறவர்களுக்கு முகமும் துளையும்தான் பிரச்சினை. துளைக்குள் இறுக்கமாக உட்காரும் தண்டான மேண்ட்ரலில் ஏற்றிச் சென்டர்களுக்கு நடுவே சுழற்றி, முகத்தில் டயல் வைத்தால் போதும். சுழற்சியே திருப்பிப் பார்ப்பதுதான். ஒரே எச்சரிக்கை: முகம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி சீராகக் குழிந்திருந்தால் முள் அசையவே அசையாது. நேர்விளிம்பு ஒன்றைக் குறுக்கே வைத்து வெளிச்சம் பார்க்காமல் பாஸ் போடாதீர்கள்.

பெரிய வெல்டிங் ஃபிரேமுக்கு இதெல்லாம் வேண்டாம். கொத்தனார் 3, 4, 5 அடி அளந்து மூலை எடுப்பது மாதிரி, குறுக்கு அளவு இரண்டையும் டேப்பால் பார்த்தால் ஆயிற்று. 1200-க்கு 900 மி.மீ. ஃபிரேமில் குறுக்களவுகள் 1 மி.மீ. வேறுபட்டால், 900 மி.மீ. பக்கம் 0.6 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மெஷினிலேயே பார்த்துவிடலாமே என்று ஆபரேட்டர்கள் கேட்பார்கள். ஸ்பிண்டிலில் டயலைப் பிடித்து ஜாபின் மேல் ஏற்றி இறக்குவது. திருடன் கையில் சாவி கொடுக்கிற வேலை அது. மெஷினின் இசட் அச்சே டேபிளுக்குச் சாய்ந்திருந்தால், அதே அச்சில் வெட்டிய முகத்தில் அதே அச்சில் ஓடும் டயல் பூஜ்யம்தான் காட்டும். ஆனால் வெட்டும் முன், ஜாபைப் பிடிக்கும் வைஸைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. எங்கள் 48 பிளாக்கின் கதையும் கடைசியில் இங்கேதான் அவிழ்ந்தது. வைஸின் ஃபிக்ஸட் ஜாவில் (அசையாத தாடையில்) டயலை ஏற்றி இறக்கினோம். 50 மி.மீ.க்கு 15 மைக்ரான். அதை 120-க்கு நீட்டிப் பாருங்கள், 36 வரும். வைஸைக் கழற்றினால் அடியில் ஒரு சீவல், 0.1 மி.மீ. தடிமன்கூட இருக்காது. வைஸை மாற்றி வைத்த அவசரத்தில் யாரோ துணியால் ஒரு தடவு தடவிவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள். யாரோ என்று எழுதுகிறேன். அன்று மாற்றியது நான்தான்.

சி.எம்.எம். பற்றி மச்சான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. துளைக்கும் முகத்துக்கும், முகத்துக்கும் முகத்துக்கும், எல்லாவற்றையும் ஒரே பிடியில் அளந்து தாளில் அடித்துத் தரும். வாடிக்கையாளர் கேட்பதும் அந்தத் தாளைத்தான். பல முகங்களும் சாய்ந்த துளைகளும் உள்ள ஜாபுக்கு அதற்கு மாற்றே இல்லை. ஆனால் 25 மி.மீ. அடிமுகம் மாதிரி குட்டையான அடிப்படை வந்தால் அதுவும் தடுமாறும். 20 மி.மீ. இடைவெளியில் தொட்ட இரண்டு புள்ளிகளில் 2 மைக்ரான் பிழை என்றால், 120 மி.மீ. உயரத்தில் 12 மைக்ரான். எங்கள் அளவில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. தட்டில் நிறுத்தி அளந்தாலும் இதே கதைதான். அடியில் ஒரு தூசி போதும். ஆனால் தட்டில் விரலால் தடவித் தூசியைக் கண்டுபிடிக்கலாம், பிசிறை எண்ணெய்க் கல்லால் எடுக்கலாம், திருப்பி நிறுத்தி இன்னொரு முறை படிக்கலாம். கம்ப்யூட்டர் தாளில் தசமத்துக்குப் பின் நான்கு எண் பார்த்ததும் நம் கை கட்டிப்போடப்படுகிறது. யாரும் திருப்பி வைத்துப் பார்ப்பதில்லை. இது மெஷினின் குற்றமில்லை. பழைய மெஷின் வேறு: அதன் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று இன்னும் செங்குத்தா என்பதை ஆள் வைத்துச் சோதித்துத் திருத்த வேண்டும், 20 டிகிரி அறை வேண்டும், பகலும் இரவும் ஏ.சி. ஓட வேண்டும்.

வெயில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அப்படியிருக்க ஏ.சி. இல்லாமல் மைக்ரான் பேசலாமா என்று கேட்பார்கள். நீளத்துக்கு அந்தக் கேள்வி சரி. 20 டிகிரியில் 300 மி.மீ. இருக்கும் அலுமினியத் தட்டு 35 டிகிரியில் 0.1 மி.மீ. நீண்டுவிடும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே சூட்டில் விரிந்தால் மூலை மாறாது. சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் கோணம் மாறாதது போல. மூலையைக் கெடுப்பது வெயில் இல்லை, ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும்தான். மெஷினிலிருந்து இறக்கிய ஜாபை உடனே அளப்பது, ஸ்கொயரின் பிளேடை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பது, கிரானைட் தட்டை ஜன்னல் வெயிலில் போடுவது, இதெல்லாம் கூடாது. தட்டின் மேல்பக்கம் மட்டும் சூடானால் அது முதுகு வளைக்கும். நாங்கள் தட்டை உள்சுவர் ஓரமாகக் கணவாய்க் காற்று படாத மூலையில் போட்டோம். வெட்டிய ஜாப் ஒரு ராத்திரி அதன் பக்கத்திலேயே கிடந்து, காலையில் அளக்கப்படும். சி.எம்.எம். அறைக்கு ஆகும் செலவில் கால்வாசிகூட இதற்கு ஆகவில்லை.

கடைசியில் வாங்கியது இவ்வளவுதான்: 630-க்கு 400 மி.மீ. கிரானைட் தட்டு ஒன்று, மைக்ரான் காட்டும் டயல் ஒன்று, அந்தச் சிலிண்டர், அண்ணனுக்காக 0 கிரேடு கத்தி விளிம்பு ஸ்கொயர் ஒன்று. அவர் கேட்ட நாலு இல்லை. டயல் ஸ்டாண்டை வார்ப்பிரும்பில் நாங்களே செய்துகொண்டோம். தட்டையும் ஸ்கொயரையும் கோவையில் காலிபரேஷன் செய்து தாள் வாங்கி வைத்திருக்கிறோம், ஆடிட் வருகிறவர்களுக்கு அது வேண்டும். சி.எம்.எம். தாள் கேட்கிற வாடிக்கையாளருக்கு, ஒரு லாட்டுக்கு மூன்று ஜாப் என்று வெளியே கூலி கொடுத்து அளந்துகொள்கிறோம். மாதத்தில் நாற்பது ஐம்பது ஜாபுக்குத் தாள் கேட்கும் நிலை வந்தால் மச்சானின் யோசனையை மறுபடி எடுக்கலாம். இப்போது மாதம் பத்தைத் தாண்டவில்லை. மெஷின் பக்கத்தில் கிடக்கும் பழைய ஸ்கொயர்களைத் தூக்கிப் போடவில்லை. செட்டிங்கில் பெரிய தப்பு இருக்கிறதா என்று பார்க்க அவை போதும். ஆனால் பாஸ் போடும் உரிமை அவற்றுக்கு இல்லை.

48-இல் 31 பிளாக்குகளை அளவுக்குள்ளேயே கிரைண்ட் செய்து காப்பாற்றினோம். மீதியில் பதினாறு பழைய இரும்புக்குப் போயின. ஒன்றை மட்டும் எடுத்து, பக்கத்தில் 38 என்று பஞ்ச் அடித்து, தட்டின் ஓரத்தில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். காலையில் சிலிண்டரில் பூஜ்யம் வைத்ததும் முதலில் அதை அடியிலும் உச்சியிலும் படிப்பார்கள். அது 38-ஐ ஒட்டிக் காட்டாத நாளில் தட்டைத் துடைத்து, டயலைக் கழற்றி மாட்டி, முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.